சாவியைக் கொடுத்த நாளும் அட்வான்ஸ் கைக்கு வந்த நாளும்

2023 மார்ச் 31, வெள்ளிக்கிழமை சாயங்காலம். மடிப்பாக்கத்தில் மூன்று வருடம் இரண்டு மாதம் குடியிருந்த வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு, கீழ்வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர் சாரிடம் சாவிக்கொத்தை நீட்டினேன். வாசல் கதவு, மொட்டை மாடிக் கதவு, கேட் என்று மூன்று சாவி. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அட்வான்ஸ் ஒரு பத்து நாள்ல போட்டு விடறேம்மா, அடுத்த ஆள் வரட்டும்" என்றார். நானும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, அம்மாவையும் பொண்ணையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பிவிட்டேன். அவரிடம் இருந்த என் பணம் 1,40,000 ரூபாய். அதில் 1,03,000 மட்டும் என் கைக்கு முழுதாக வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 28-ஆம் தேதி. எண்ணிப் பார்த்தால் சரியாக 150 நாள். கணவருக்கு அப்போது புனேயில் வேலை. போனில் தைரியம் சொல்லலாமே தவிர, நேரில் போய் நிற்க வேண்டியவள் நான்தான். எனக்கு அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் அந்த வீட்டுக்குப் போன கதை. 2020 ஜனவரியில் புரோக்கர் மூலம் கிடைத்த வீடு. வாடகை 14,000. பத்து மாத அட்வான்ஸ், அதாவது 1,40,000. சென்னையில் இதுதான் வழக்கம் என்று புரோக்கரும் சொன்னார், ஆபீஸில் இருந்தவர்களும் சொன்னார்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அங்கே இரண்டு மூன்று மாத அட்வான்ஸுக்கு மேல் பார்த்ததில்லை. ஆனாலும் ஊரோடு ஒத்துப்போக வேண்டியதுதானே என்று ஒப்புக்கொண்டேன். வீடு பார்த்த அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் 10,000 கையில் கொடுத்தேன். பத்திரம் போட்ட அன்று 80,000 வங்கி மூலம் அனுப்பினேன். மீதி 50,000 ரொக்கமாக வேண்டும் என்றார், எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. பெரிய மனுஷரிடம் போய் ரசீது கேட்பது மரியாதைக் குறைவு மாதிரி தோன்றியது. நல்லவேளையாகப் பத்திரத்தில் 1,40,000 என்று முழுத் தொகையும் எழுதியிருந்தது. அந்த ஒரு வரிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் 60,000 ரூபாயைக் கொடுத்தேன் என்பதற்கே என்னிடம் சாட்சி கிடையாது.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது. முடிந்தவரை முழுவதையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள், அனுப்பும்போது குறிப்பில் 'வீட்டு அட்வான்ஸ்' என்று ஒரு வார்த்தை போடுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஒரு வெள்ளைத் தாளிலாவது தேதி போட்டு, தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யார் கணக்குக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள். என் விஷயத்தில் பத்திரம் வீட்டுக்கார அம்மாவின் பெயரில் இருந்தது, பணம் போனது அவர்கள் மகனின் கணக்குக்கு, பேச்சுவார்த்தை எல்லாம் சாருடன். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டபோது சார் "வீடு அவ பேர்ல இருக்கு, அவகிட்ட பேசுங்க" என்பார். ஆன்ட்டி "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, பையன்தான் கணக்கெல்லாம் பாக்கறான்" என்பார். பையன் போனை எடுக்க மாட்டார். மூன்று பேருக்கு நடுவில் பந்து மாதிரி உருண்டேன். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்கே பணம் போகட்டும். இல்லை, மகன் கணக்குக்குத்தான் என்றால், 'அட்வான்ஸ் தொகையை என் மகன் கணக்கில் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

பத்திரம் என்று நான் சொல்வது இருபது ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்த பதினோரு மாத ஒப்பந்தம். கடைக்காரர் கணினியில் ஏற்கனவே வைத்திருந்த வாசகம், பெயரும் தொகையும் மட்டும் மாற்றியது. நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். அதில் இரண்டு வரிகள் எனக்குப் பின்னால் பெரிய செலவு வைத்தன. ஒன்று, காலி செய்யும்போது பெயின்டிங் செலவுக்காக ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும் என்பது. இன்னொன்று, காலி செய்வதற்கு இரண்டு மாதம் முன்னால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது. கையெழுத்துப் போடும்போது இரண்டையும் படித்தேன்தான், ஆனால் எல்லாரும் இப்படித்தானே எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன். பதினோரு மாதம் முடிந்ததும் புதுப் பத்திரமும் போடவில்லை. வாடகை மட்டும் ஏறி ஏறி 15,500 ஆனது. பழைய பத்திரம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

2023 ஜனவரி கடைசியில் வாடகை கொடுக்கப் போனபோதே, பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் மாறுகிறது, மார்ச்சோடு காலி செய்கிறோம் என்று சாரிடம் வாயால் சொன்னேன். "அதுக்கென்னம்மா, தாராளமா" என்றார். பிப்ரவரி 12-ஆம் தேதிதான் வாட்ஸ்அப்பில் 'மார்ச் 31 காலி செய்கிறோம் சார், வீடு பார்க்க வருபவர்களை சனி ஞாயிறில் அனுப்புங்கள்' என்று ஒரு செய்தி போட்டேன். அதுவும் நோட்டீஸ் என்று நினைத்துப் போட்டதில்லை. சாதாரண நாளில் யார் யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்களே என்ற சங்கடத்தில் போட்டது. எழுத்தில் இருந்தது அது மட்டும்தான் என்பதால் பின்னால் பிப்ரவரி 12-தான் நோட்டீஸ் தேதி என்று ஆனது, இரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் குறைந்தது. வாயால் சொன்னதற்குக் கணக்கில் இடமில்லை. சொன்ன அன்றைக்கே வீட்டுக்கு வந்து, 'இன்று நேரில் சொன்னபடி' என்று ஆரம்பித்து இரண்டு வரி அனுப்பியிருந்தால் போதும்.

புது வீட்டுக்கு 1,00,000 அட்வான்ஸ் தேவைப்பட்டது. பழைய வீட்டுப் பணம் பத்து நாளில் வந்துவிடும், அதுவரைக்கும்தானே என்று அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். வங்கியில் வைத்தால் வட்டி குறைவு. ஆனால் அதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டும், பத்து நாள் விஷயத்துக்கு எதற்கு என்று தெருமுனை அடகுக்கடையில் ஒன்றரை வட்டிக்கு வைத்தேன். மாதம் 1,500 ரூபாய். அந்தப் பத்து நாள் ஐந்து மாதமாக நீண்டது. அம்மா எந்த விசேஷத்துக்கும் கிளம்பும்போது புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்வார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும்.

ஏப்ரல் 10 ஆனது. போன் செய்தேன். "இன்னும் ஆள் வரலேம்மா." 15-ஆம் தேதி, சித்திரை போகட்டும் என்றார். மாதக் கடைசியில் பழைய வீட்டுத் தெருவில் காய்கறி விற்கும் அக்கா, மாடிக்குக் குடி வந்தாச்சே என்று சொன்னார். அப்போது சாரைக் கேட்டதற்கு, "வேலையெல்லாம் நிறைய இருந்துச்சும்மா, கணக்கு அனுப்பறேன்" என்றார். மே 2-ஆம் தேதி ஒரு கோடு போட்ட நோட்டுத் தாளைப் படம் எடுத்து அனுப்பினார். பெயின்டிங் 32,000. சமையலறைச் சுவரும் டைல்ஸும் 14,000. பாத்ரூம் கதவு 6,500. குழாய், ஃப்ளஷ் டேங்க் 3,850. கிளீனிங் 4,500. ஈ.பி. பாக்கி 2,150. நோட்டீஸ் தராததற்கு ஒரு மாத வாடகை 15,500. ஆக மொத்தம் 78,500. பாக்கி தர வேண்டியது 61,500. ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். டப்பாவை அப்படியே மூடிவிட்டேன். நான் மூன்று வருடம் அந்த வீட்டை என் வீடு மாதிரி வைத்துக்கொண்டேன், கொரோனா காலத்தில்கூட ஒரு மாத வாடகை தள்ளிப் போட்டதில்லை. அந்தத் தாளைப் பார்க்கும்போது ஏதோ வீட்டை இடித்துவிட்டு ஓடியவள் மாதிரி இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று தோன்றியது, போனேன். இது சிவில் மேட்டர்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, பேசித் தீத்துக்கோங்க என்றார்கள். அரை நாள் லீவு போனது மிச்சம். மிரட்டியிருந்தாலோ சாமானைத் தூக்கிப் போட்டிருந்தாலோ வேறு கதை. அட்வான்ஸ் பணத் தகராறுக்கு மட்டும் அங்கே போய் அலைய வேண்டாம். நேரே சாரைப் பார்க்கவும் மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். மே கடைசியில் ஒருநாள், 61,500-க்குச் செக் தயாராக இருக்கிறது, 'என் அட்வான்ஸ் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் உடனே தருகிறேன் என்றார். ஏற்கனவே அந்தத் தாள் எழுதி வைத்திருந்தார். பேனாவும் கொடுத்தார். உண்மையைச் சொன்னால் கை நீட்டிவிட்டேன். அடகுக்கடை வட்டி, பள்ளிக்கூட ஃபீஸ், எல்லாம் கண்முன்னே வந்தது. என்னமோ தோன்றி, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாதிப் பணத்தைக் காட்டி முழுப் பணத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வாங்கியே ஆக வேண்டிய கஷ்டம் என்றால், 'ஒரு பகுதி மட்டும் பெற்றுக்கொண்டேன், மீதிக் கணக்கு நிலுவையில் உள்ளது' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபீஸில் கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் தாம்பரம் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் ஒரு வக்கீல் மேடத்திடம் அனுப்பி வைத்தார். அவர் முதலில் கேட்டது, வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தீர்களா என்று. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றித் தமிழ்நாட்டில் 2017-ல் புதுச் சட்டம் போட்டு, அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் வீடு எடுத்தபோது அது வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்காக அரசு ஒரு இணையதளமே வைத்திருக்கிறது, பதிவு செய்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். அட்வான்ஸும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நான்தான் பத்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தேனே. ஆனால் அடுத்த விஷயம்தான் எனக்கு மருந்து மாதிரி இருந்தது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன் என்பது சட்டத்தில் எங்கேயும் இல்லை. நாமே வழக்கத்தில் பழகிக்கொண்டது.

எந்தெந்தப் பராமரிப்பு யார் தலையில் என்று அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியலே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, கட்டுமானம் சார்ந்த ரிப்பேர், தண்ணீர்க் குழாய் லைன் மாற்றுவது, பெரிய வயரிங் வேலை இதெல்லாம் ஓனர் பக்கம். குழாய் வாஷர், குழாய், ஸ்விட்ச், வாஷ் பேசின், கழிப்பறை ரிப்பேர், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் பக்கம். புழங்குவதால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்கு நாம் பொறுப்பில்லை. இதைக் கேட்டதும் அந்த நோட்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். குழாய், ஃப்ளஷ் டேங்க் 3,850 நான் கொடுக்க வேண்டியதுதான், நியாயம். ஈ.பி. பாக்கியும் அப்படித்தான், கடைசி இரண்டு மாத ரீடிங் நான் போன பிறகுதான் எடுத்தார்கள். பெயின்டிங் சட்டப்படி ஓனர் பொறுப்பு, ஆனால் ஒரு மாத வாடகையைப் பிடிக்கலாம் என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படியே பார்த்தாலும் 15,500-தான், 32,000 எங்கிருந்து வந்தது? பத்திரம் பதிவு செய்யாதது, அதுவும் காலாவதியானது என்பதால் கோர்ட் வரை போனால் இழுத்தடிக்கும், நோட்டீஸ் அனுப்பிப் பேசி முடிப்பதுதான் புத்திசாலித்தனம் என்றார் மேடம். பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருட அவகாசம் இருக்கிறது, அதனால் பயந்துபோய் வந்த வரைக்கும் போதும் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

சமையலறைச் சுவரில்தான் சிக்கல். அடுப்பு மேடைக்கு மேலே டைல்ஸ் விரிசல், அதற்கு மேல் ஓதம் ஏறிய கறை. நான் போகும்போதே அப்படித்தான் இருந்தது. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? குடி போன அன்றைக்கு வீட்டைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று ராத்திரி பழைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டு, 2020 ஜனவரிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஜனவரி 30, பால் காய்ச்சிய நாள். எவர்சில்வர் பாத்திரத்தில் பால் பொங்கி வழிகிறது, அம்மா கையில் சர்க்கரை டப்பா, பொண்ணு அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்பையே பார்க்கிறாள். அவள் தலைக்குப் பின்னால், நீலப்பூ போட்ட வெள்ளை டைல்ஸில் மூன்றாவது வரிசையில், மூலையிலிருந்து குறுக்காக ஒரு கீறல். அதற்கு மேலே பழுப்பு நிறத்தில் உள்ளங்கை அளவு ஓதக் கறை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் டைல்ஸ் இடுக்கில் அடைத்த வெள்ளைச் சிமென்ட் உதிர்ந்திருப்பதுகூடத் தெரிந்தது. தேதியும் நேரமும் படத்தோடு இருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து அழுதேன். 14,000 ரூபாய்க்காக அழுகிற வயதா என்று கேட்கலாம். பணத்துக்காக அழவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று காட்ட ஒன்று கிடைத்ததே என்ற நிம்மதி.

ஜூன் மூன்றாவது வாரம் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் போனது. செலவு 2,500 ரூபாய். ஆன்ட்டி பெயரில்தான் அனுப்பினோம், ஏனென்றால் பத்திரத்தில் அவர் பெயர். அட்டையில் கையெழுத்தோடு திரும்பி வந்த நாலாவது நாள், அதுவரை போனையே எடுக்காத பையன் தானாகக் கூப்பிட்டார். முதலில் கொஞ்சம் குரல் உயர்ந்தது. "எதுக்குங்க வக்கீல் வரைக்கும், வீட்டுப் பொம்பளைங்க பேருக்கு நோட்டீஸ் அனுப்பறீங்க" என்றார். என் பக்கமும் வீட்டுப் பெண்தான் ஐந்து தடவை நடந்தாள் என்று சொல்லிவிட்டு, பால் காய்ச்சிய படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "சரி மேடம், உக்காந்து பேசலாம்" என்று வந்தது. அதுவரை 'நீங்க, அம்மா' என்று இருந்தது திடீரென்று மேடம் ஆனது.

உட்கார்ந்து பேசியது ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை. டைல்ஸ் 14,000 முழுவதையும் விட்டார்கள். பெயின்டிங் பத்திரப்படி 15,500. பாத்ரூம் கதவின் அடிப்பக்கம் தண்ணீர் பட்டு ஊறிப்போயிருந்தது, நான் சொன்னபோது அவர்கள் சரி செய்யவில்லை, ஆனால் சொன்னதற்கும் எழுத்தில் எதுவும் இல்லை, ஆளுக்குப் பாதி, 3,250. நோட்டீஸ் காலத்தில் குறைந்த நாட்களுக்கு அரை மாத வாடகை 7,750. கிளீனிங் 4,500 பற்றிப் பேசிப் பேசி அலுத்து நானே விட்டுக்கொடுத்தேன், இப்போது நினைத்தால் அது மட்டும் உறுத்துகிறது. குழாய், ஈ.பி. சேர்த்து மொத்தப் பிடித்தம் 37,000. அதை அங்கேயே ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். ஜூலை 10-ஆம் தேதி 61,500 வந்தது, மீதி 41,500 இழுத்து இழுத்து ஆகஸ்ட் 28-ல் வந்தது. மறுநாள் காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அடகுக்கடைக்குப் போனேன். சங்கிலியை வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளலாம் என்றேன், அம்மா கேட்கவில்லை, கடை வாசலிலேயே போட்டுக்கொண்டார்.

நான் உண்மையிலேயே கொடுக்க வேண்டியது 6,000. அதற்கு மேல் போனது 31,000, அடகு வட்டி 7,500, வக்கீலுக்கு 2,500. ஆக 41,000 ரூபாய், அதோடு ஐந்து அரை நாள் லீவு, கணக்கில் வராத தூக்கம். இதில் பெரும்பகுதியை நான் காலி செய்யும்போது இழக்கவில்லை. குடி போன நாளில், பத்திரக் கடையில் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்ட அந்தப் பத்து நிமிடத்தில் இழந்திருக்கிறேன். பெயின்டிங் வரியை அடிக்கச் சொல்லியிருக்கலாம், இல்லை 'இரண்டு வருடத்துக்கு மேல் குடியிருந்தால் பிடித்தம் இல்லை' என்று மாற்றச் சொல்லியிருக்கலாம். வீடு காலியாக இருந்து ஓனருக்கு ஆள் தேவைப்படும் நேரத்தில்தான் நம் பேச்சு எடுபடும். சாவியைக் கொடுத்த பிறகு நம் கையில் ஒன்றும் இருக்காது.

சாவி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்வான்ஸ் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதே என்று பலர் எனக்கு அப்புறம் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சாவியை வைத்துக்கொண்டால் அந்த மாத வாடகையும் ஏறும், இரண்டு வீட்டு வாடகை யாரால் கட்ட முடியும்? அதைவிட நல்ல வழி, காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்னால் சாமானெல்லாம் பாதி கட்டிய நிலையில் ஓனரை மேலே கூப்பிட்டு அறை அறையாகக் காட்டி, பிடித்தம் என்னென்ன என்று அப்போதே தாளில் எழுத வைப்பது. சாவி கைமாறும் நேரத்தில் அந்தத் தொகை கணக்குக்கு வர வேண்டும் என்று பேசிக்கொள்வது. எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்தவர்கள் இன்னொன்று செய்தார்கள். காலி செய்வதாகச் சொன்ன அன்றே, கடைசி மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று ஓனரிடம் கேட்டு, அவர் சரி என்றதை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார்கள். போகும்போது ஓனரிடம் இருந்த பணமே கொஞ்சம்தான், தகராறு வரவில்லை. ஆனால் அவர் சம்மதம் எழுத்தில் இல்லாமல் நாமாக வாடகையை நிறுத்தக் கூடாது. அது வாடகை பாக்கி என்று ஆகி, நம் பக்க நியாயத்தையே கெடுத்துவிடும்.

போகிற நாளில் ஈ.பி. மீட்டரைப் படம் எடுத்து, அதுவரைக்குமான யூனிட்டுக்குத் தொகையைப் பேசிக் கட்டிவிடுங்கள். புது வீடு பார்க்கும்போது, பெரிய தொகை கொடுப்பதற்கு முன்னால் சொத்து வரி ரசீதையும் ஈ.பி. கார்டையும் காட்டச் சொல்லிப் பெயரைப் பாருங்கள். சொத்தின் மேல் அடமானம், விற்பனை எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். ஒத்திக்கு வீடு பிடிக்கிறவர்கள் மாத வாடகைக்குப் பதிலாக லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுக்கிறார்கள், அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குரோம்பேட்டையில் இப்போது இருக்கும் வீட்டுக்கு நாங்கள் வந்தது இதெல்லாம் தெரிவதற்கு முன்னால். இங்கேயும் படம் எதுவும் எடுக்காமல்தான் குடி வந்தேன். வக்கீல் மேடத்தைப் பார்த்துவிட்டு வந்த வாரம், இந்த வீட்டுக்கார அம்மாவிடம் போய் நின்றேன். ரிட்டயர்டு டீச்சர், தனியாக இருக்கிறார். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, வீடு எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளலாமா, ஒப்பந்தத்தையும் பதிவு செய்துவிடலாமா என்று கேட்டேன். முகம் கொஞ்சம் மாறியது. "ஏம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். மடிப்பாக்கத்தில் நடந்ததை முழுவதும் சொன்னேன், அந்த நோட்டுத் தாளின் படத்தையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். எதுவும் சொல்லாமல் உள்ளே போய் டார்ச் லைட்டை எடுத்து வந்து, என்னோடு மாடி ஏறினார். ஹால், பெட்ரூம், சமையலறை என்று நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே போக, பாத்ரூம் பரணுக்குள் டார்ச் அடித்து, "இங்க பாரு, மழைக்கு இந்த மூலை ஒழுகும், நான் வீடு கட்டின நாள்லேர்ந்து இருக்கு. இதையும் எழுதிக்கோ" என்றார்.